ஊரணிக்குள் விடாத தண்ணீர்

எங்கள் ஊர் வாரச்சந்தை பஸ் நிறுத்தத்தை டவுன் பஸ் கண்டக்டர்கள் இன்னும் 'ஊரணிக்கரை' என்றுதான் கூவுகிறார்கள். போன மாதம் அங்கே மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஊரணிக்கரைங்கிறாக. கரையும் இல்ல, ஊரணியும் இல்ல. நீங்கதான் அப்ப மேஸ்திரியாமே. எங்குட்டும்மா போச்சு அது?"

"அம்மா ஓய்வு பெறும்போது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாக" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நடந்தேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு கூடவே வந்தது. எங்கள் பணியாளர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதையே எழுதித் தருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

என் பெயர் சோலையம்மாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதியதை என் மருமகள் பிழை பார்த்து நகல் எடுக்கிறாள். எழுத்தைத் திருத்திக்கொள், சொன்னதைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போடவில்லை. காரைக்குடிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது எந்த ஊர் என்று தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆவதும் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் நகராட்சியில் வாய்க்கால் வேலை பார்த்தவர். அவர் காய்ச்சலில் போனபின் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் தெருச் சாக்கடை, கொஞ்ச காலம் சந்தை கூட்டுவது, பிறகு ஈச்ச ஓடை. ஓடைக்குப் போனவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். கடைசி வருடங்களில் மேஸ்திரி. பெண் மேஸ்திரிக்குக் கீழே வேலை பார்க்க மாட்டோம் என்று ஆண்கள் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு மழைக்காலம் என்னோடு நின்றார்கள், அப்புறம் அந்தப் பேச்சு வரவில்லை.

ஈச்ச ஓடை ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டில் புறப்படும். இரு கரையிலும் ஈச்சம்புதர். படுகை மணல். மழை நின்று தை மாதம்வரை அங்கங்கே குட்டம் குட்டமாகத் தண்ணீர் கிடக்கும், அதில் அயிரை மீன் ஓடும். பெரிய வீடுகளின் முற்றத்தில் விழுகிற மழையும் தெரு வாய்க்கால் வழியாக இதில்தான் வந்து சேரும். ஓடை ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிரிவு இருந்தது. வலது பக்கம் போனால் ஊரணி. இடது பக்கம் போனால் வெளிக்கால், அது ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே பொட்டலில் போய் விழும். இரண்டு வாயிலும் கல்லில் காடி வெட்டியிருக்கும். பலகையை அதில் இறக்கினால் அந்தப் பக்கம் அடைபடும், எடுத்தால் திறக்கும். அந்தப் பலகைதான் என் வேலை என்று சொல்ல வேண்டும்.

அதை எனக்குப் பழக்கியவர் எங்கள் ஓவர்சியர் அய்யா. குன்றக்குடிப் பக்கத்துக்காரர். சைக்கிளில் வருவார். ஓடைக்கரையில் இறங்கியதும் செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வெறுங்காலோடு படுகையில் நடப்பார். எங்கே மணல், எங்கே சேறு என்று கால்தான் சொல்ல வேண்டும் என்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் செய், அதைச் செய் என்று சொல்லவும் மாட்டார். ஓடையைக் காட்டி, "நீங்க என்ன நெனக்கிறீக தாயி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். நாம் தப்பாகச் சொன்னால் மறுக்க மாட்டார். அப்படியே நிற்பார். வெயிலாக இருந்தாலும் தூறலாக இருந்தாலும் நகர மாட்டார். நமக்கே புத்தியில் பட்டு, "இல்லைங்கய்யா, இப்படிச் செஞ்சா அங்குட்டு அரிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று சொன்னபிறகுதான் சைக்கிளை எடுப்பார். முதல் வருடம் அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வரும். திட்டிவிட்டுப் போகிற அதிகாரி எவ்வளவோ தேவலை.

வேலைமுறை இதுதான். ஆவணி பிறந்ததும் தூர் எடுக்க வேண்டும், கீழேயிருந்து மேலே. ஊரணி வாயில் தொடங்கி மேட்டை நோக்கிப் போக வேண்டும். மேலே முதலில் கிளறிவிட்டால், திடீர் மழை வந்து கிளறிய சேறு பூராவும் கீழே தூர் எடுக்காத இடத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். ஈச்சம்புதரை வெட்டக் கூடாது, குறுக்கே சாய்ந்ததை மட்டும் கழிக்கலாம். பிரிவுக்கு மேலே முள்படல் கட்டி, வருகிற பிளாஸ்டிக்கையும் சருகையும் அதில் தடுத்து வாரிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

முதல் தண்ணீர் ஊரணிக்கு ஆகாது. வெயில் காலம் முழுக்க ஊர் சேர்த்துவைத்த அழுக்கைக் கழுவிக்கொண்டு வருவது அது. அதனால் ஊரணி வாயில் பலகை இறங்கியிருக்கும், வெளிக்கால் திறந்திருக்கும். முதல் தண்ணீர் பொட்டலுக்குப் போகும். எப்போது திருப்புவது என்பதில்தான் சூட்சுமம். அய்யா எனக்கு ஒரு எனாமல் கிண்ணம் கொடுத்திருந்தார், உள்ளே அடியில் நீலப்பூ போட்டது. பழைய சாமான் கடையில் வாங்கியது. ஓடைத் தண்ணீரை அதில் விளிம்புவரை மொண்டு, சற்று நேரம் ஆடாமல் பிடித்து, பூ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது கண் பார்ப்பது. பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும். மண்வாடை மட்டும்தான் இருக்க வேண்டும். கடைசியாகக் கட்டை விரலும் சுட்டு விரலும் முக்கித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுக்கக் கூடாது. மூன்றும் சம்மதித்தால் பலகையை எடுக்கலாம். ஒன்று மறுத்தாலும் காத்திருக்க வேண்டும்.

பலகையை எடுக்கும்போது கீழத்தெருப் பெண்கள் ஊரணிப் படியில் நின்று குலவை போடுவார்கள். தண்ணீர் லேசான செம்மண் நிறத்தில் உள்ளே பாய்ந்து கடைசிப் படியைத் தொடும்வரை போடுவார்கள். அந்தத் தெருவுக்குக் குழாய் இருந்தது. ஆனால் அதில் வருவது உப்பு. உலைக்கும் குடிக்கவும் ஊரணித் தண்ணீர்தான்.

அய்யா ஓய்வு பெற்றுப் போனார். அதற்கப்புறம் மேட்டில் வீட்டுமனை போட்டார்கள். முதலில் கல் நட்டார்கள், பிறகு தார்ரோடு, பிறகு வரிசையாக மாடிவீடு. அவர்களுக்கு மழைநீர் வடிகால் ஒன்று கட்டி ஈச்ச ஓடையில் இணைத்தார்கள். அதில் தவறில்லை. மழைத்தண்ணீர் ஓடைக்குத்தானே வர வேண்டும். ஆனால் வீடு கட்டியவர்கள் கழிவுத்தொட்டி நிரம்பினால் வழிவதற்கு ஒரு குழாயை அந்த வடிகாலுக்குள் விட்டுவைத்தார்கள். வெயில் நாளில் நாறினால் ஆள் பார்க்கும் என்று, மழை பெய்யும்போது திறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மழையோடு மழையாகப் போய்விடும் என்று நினைப்பு. போகிற இடம் எது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை.

எனக்கு முதலில் தெரியவந்தது தவளையால்தான். மழை விட்டால் பேச முடியாதபடி கத்துகிற இடம் அது. ஒரு வருடம் சத்தம் குறைந்தது, அடுத்த வருடம் இல்லை. குட்டங்களில் அயிரைக்குப் பதில் சிவப்புப் புழு நெளிந்தது. இன்னொன்றும் கவனித்தேன். ஓடைத் தண்ணீர் முன்னைவிடத் தெளிவாக வரத் தொடங்கியது. மேடு பூராவும் தாரும் சிமெண்டும் ஆகிவிட்டால் கரைந்து வருவதற்குச் செம்மண் ஏது? முன்பெல்லாம் நீலப்பூ தெரிய அரைநாள் ஆகும். இப்போது மழை பிடித்த சற்று நேரத்தில் பளிச்சென்று தெரிந்தது. மூக்கும் விரலும்தான் மறுத்தன. மறுத்தாலும் நல்ல மழையாக இருந்தால் பிற்பகலுக்குள் நாற்றம் அடங்கி நல்ல தண்ணீர் வந்துவிடும், திருப்பிவிடுவேன். அப்படியே சில வருடம் ஓட்டினோம்.

பிறகு மழை பொய்த்தது. இரண்டு வருடம் ஊரணி நிரம்பவில்லை. இரண்டாம் வருடக் கோடையில் அடிமண் வெடித்துக் கிடந்தது, பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். லாரித் தண்ணீருக்குக் கீழத்தெருவில் குடத்தை வரிசை போட்டு வைத்தார்கள்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒருநாள் விடியும்போதே கொட்டத் தொடங்கியது. நானும் என்னோடு வேலை பார்த்த முத்துராக்கும் பிரிவுக்கு ஓடினோம். ஓடை கரைக்குக் கரை வந்துகொண்டிருந்தது. கீழத்தெரு முழுக்கக் கரையில் நின்றது. பெண்கள் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார்கள். அம்சவல்லி பித்தளைக் குடத்துக்கு மஞ்சள் பூசிக் கொண்டுவந்திருந்தாள். அவள் எனக்குத் தூரத்து நாத்தனார் முறை. பக்கத்து வீடும்கூட.

கிண்ணத்தில் மொண்டேன். பூ தெரிந்தது. மோந்து பார்த்தேன். பீநாற்றமும் சோப்பு நாற்றமும் கலந்து அடித்தது. விரல் வழுக்கியது. காத்திருந்தேன். மறுபடி மொண்டேன். அப்படியேதான் இருந்தது. மழை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீரும் எங்கள் கண்முன்னால் இடது பக்கம் திரும்பிப் பொட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மதினி, இன்னும் எம்புட்டு நேரந்தான் மோந்து பாப்பீக? கல்யாணத்துக்கு வாங்குற மல்லியப்பூவா அது?" என்றாள் அம்சவல்லி. கரையில் சிரித்தார்கள். அப்போது எல்லோருக்கும் நல்ல மனநிலைதான்.

முத்துராக்கை மேட்டுக்கு அனுப்பினேன், வீடு வீடாகச் சொல்லி அடைக்கச் சொல்லு என்று. சொட்டச்சொட்ட நனைந்து திரும்பி வந்தாள்.

"எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு சன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டு இருக்காகக்கா. எங்க வீட்டுது மூடித்தான் இருக்கு, பக்கத்து வீட்டுல கேளுங்கிறாக. பக்கத்து வீட்டுல கேட்டா, அதுக்குப் பக்கத்து வீடுங்கிறாக. தெருவக் கடைசிவர பாத்துட்டேன், குத்தம் செஞ்ச வீடு ஒண்ணுகூட இல்ல."

மணி ஆக ஆகக் கரையில் பேச்சு மாறியது. வார்டு கவுன்சிலர் குடையோடு வந்தார். "நீ சம்பளம் வாங்குற ஆளு. இந்த ஊருல தண்ணி குடிக்கிற ஆளு இல்லையா?" என்று கேட்டார். நான் மறுபடி கிண்ணத்தில் மொண்டேன். அந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்கிறவள் இல்லை நான்.

அம்சவல்லி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது கேலி இல்லை. "மதினி, ரெண்டு வருசமாச்சு. நாத்தமா இருந்தா இருந்துட்டுப் போகுது. உள்ள வரட்டும். நாங்க காய்ச்சிக் குடிச்சுக்கிறோம்."

"காய்ச்சுவீக. பிள்ளைக காய்ச்சுமா? பள்ளிக்கூடம் விட்டு வாறது அப்படியே கையால அள்ளிக் குடிக்கும்."

"நாங்க பாத்துக்கிறோம்னு சொல்றேன்ல."

"இது ஒருநாளு தண்ணி இல்ல அம்சு. தை, மாசிவரைக்கும் உள்ள கெடக்கும்."

"கெடக்கட்டும். கெடந்தாத்தான் அது ஊரணி. அழுக்க எப்பன்னாலும் அள்ளலாம் மதினி. தண்ணிய எப்பன்னாலும் வரவைக்க முடியுமா?"

போனை எடுத்து எங்கள் என்ஜினியர் பிள்ளையைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது சிறிது, நல்ல படிப்பு, ஆளை மதிக்கத் தெரிந்தவள். அவள் ஊரின் மறுகோடியில் உடைந்த பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"திறந்து விட்டுடுங்கம்மா. உள்ள நின்னு படியட்டும். அப்புறம் டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்த்துக்கலாம், குடிக்க வேண்டாம்னு போர்டு வச்சிடலாம்."

"படிக்கிற ஆளுக குடிக்காம இருப்பாகம்மா. மத்தவுக?"

போனில் அங்கே பெய்கிற மழை கேட்டது. பிறகு, "நான் அங்க இல்லைங்கம்மா. நிக்கிறது நீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ங்க, நான் பொறுப்பு எடுத்துக்கறேன்" என்றாள்.

நான் பலகையை எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்தால் எப்போதும்போல நாற்றம் அடங்கும், பெய்கிற மழை இன்னும் பெய்யும், மிச்சத் தண்ணீர் போதும் என்று நினைத்தேன். வானம் அப்படித்தான் இருந்தது. கிண்ணமும் கையுமாக நின்றேன். யாரும் என்னைத் தள்ளிவிட்டுப் பலகையை எடுத்திருக்கலாம். ஒருவரும் கை வைக்கவில்லை. அத்தனை கோபத்திலும் பலகை சோலையம்மாளுடைய பொறுப்பு என்று ஊர் விட்டுவைத்தது. அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேன். யாராவது தள்ளியிருக்கக் கூடாதா என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் தண்ணீரில் மண்வாடை மட்டும் வந்தது. விரலில் வழுக்கல் இல்லை. முத்துராக்கைக் கூப்பிட்டேன், இருவரும் பலகையை உருவினோம். ஊரணிக்குள் தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே மழை நின்று வெயில் அடித்தது. செம்மண் மேடாக இருந்த காலத்தில் மழை நின்றாலும் ஓடை விடிய விடிய வரும், மண் குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். தார் எதையும் குடித்து வைத்துக்கொள்வதில்லை. கண்ணெதிரே ஓடை வற்றியது. ஊரணியின் அடிமண் வெடிப்புகள் நனைந்தன. நடுப்பள்ளத்தில் ஒரு முற்றத்தளவு தண்ணீர் நின்றது. குலவை போட யாரும் வாய் திறக்கவில்லை. அம்சவல்லி படியெல்லாம் இறங்கி அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு குடத்தை மொள்ளாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிப் போனாள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள். அதற்கப்புறம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை.

அந்த வருடம் அதற்குமேல் மழை இல்லை. முற்றத்தளவு தண்ணீரும் காய்ந்தது.

அடுத்து நடந்ததை விரித்து எழுத எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் காய்ந்து கிடக்கும் பள்ளத்தில் முதலில் லாரிகளை நிறுத்தினார்கள். பிறகு கட்டிட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சந்தைக்கு இடம் போதவில்லை என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. தண்ணீர் வராத பள்ளத்தை எதற்குச் சும்மா வைத்திருக்க வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வரும், வழி சரி செய்தால் வரும் என்று என்ஜினியர் பிள்ளை எழுந்து சொன்னாள். நானும் வாசலில் நின்றிருந்தேன். "வந்த தண்ணியத்தான் உங்க ஆளே உள்ள விடலையேம்மா" என்று கவுன்சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாங்கிய சொல் எனக்குரியது. செம்பராங்கல் படிகளை எடுக்காமல் அப்படியே மண்ணைப் போட்டு மூடி, மேலே சந்தைக் கொட்டகை போட்டார்கள்.

மூடிய பிறகு ஒருநாள் ஓவர்சியர் அய்யாவைப் பார்க்கப் போனேன். மெலிந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கண் சம்மதித்தது, மூக்கும் விரலும் மறுத்தன, அதனால் எடுக்கவில்லை என்றேன். "நான் செஞ்சது சரிதானேய்யா?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன நெனக்கிறீக தாயி?" என்றார்.

கேட்டுவிட்டு எப்போதும்போலச் சும்மா இருந்தார். அவர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மோரை நான் குடித்து முடித்தேன். அப்போதும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போய் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அவரிடம் பதில் சொல்லாமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

என்ஜினியர் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் விடவில்லை. மேட்டு வீடுகளில் ஒவ்வொரு குழாயாகத் தேடிப்பிடித்து அடைத்தாள். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரி வந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்தாள். முதலில் சண்டை, பிறகு முனகல், பிறகு பழகிவிட்டது. அதெல்லாம் முடியும்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவளும் மாற்றலாகிப் போனாள். வெளிக்கால் போன பொட்டலும் மனையாகி, அந்த வழி அடைபட்டுவிட்டது.

போன ஐப்பசியில் நல்ல மழை. போக வேறு வழி இல்லாத ஓடைத்தண்ணீர் பூராவும் சந்தைக்குள் புகுந்துவிட்டது என்றார்கள். காலையில் நானும் பார்க்கப் போனேன். எத்தனை லோடு மண் அடித்தாலும் பள்ளம் பள்ளம்தான். கொட்டகைக் கால்களைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர், செம்மண் இல்லாத தெளிந்த தண்ணீர். அது ஊரணியின் நான்கு மூலையையும் சரியாகத் தொட்டுக்கொண்டு, பழைய கரை இருந்த கோட்டிலேயே நின்றது. நகராட்சிப் பையன்கள் டீசல் மோட்டாரைக் கொண்டுவந்து வைத்து, வெளியே இறைக்கக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் இப்படி நிற்காமல் இருக்கத்தான் இப்போது அந்தப் பிள்ளைகள் வடிகால் தோண்டுகிறார்கள்.

ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அம்சவல்லி. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். முகத்துக்கு நேரே கொண்டுவந்து வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மோட்டாரைக் கிளப்பிவிட்டார்கள். தள்ளி நிற்கச் சொல்லி ஒரு பையன் கையைக் காட்டினான். நாங்கள் தள்ளி நின்றோம். தண்ணீர் குறைந்து, கொட்டகைக் கால்களின் அடி தெரிந்து, சேறு தெரியும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றிருந்தோம்.